சங்கிலியின் இடத்தில் ஒரு மனிதர்

"இவனைக் கீழ்ப்பாக்கத்தில்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்" என்று விளையாட்டாகவேனும் சொல்லாத வீடு நம்மிடையே அரிது. 1871ஆம் ஆண்டு முதல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இயங்கிவரும் மனநல மருத்துவமனையின் பெயர் 1922இலும் 1978இலும் மாற்றப்பட்டது. மக்கள் நாவிலோ அந்த ஊரின் பெயர் இன்றும் ஓர் ஏச்சாகவே நிலைத்திருக்கிறது.

அத்தகைய மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளைக் கவனிக்கும் உதவியாளராகச் சேரப்போவதாக நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் கூறினால் என்ன நிகழும்? "உலகத்தில் வேறு வேலையா இல்லை?" என்பார் தந்தை. "நாளைக்கு உனக்கு யார் பெண் கொடுப்பார்கள்?" என்று கண் கலங்குவார் தாய். அந்தப் பணி எத்தகையது என்பதை அறிந்துகொண்ட பின் இக்கேள்விகளை எழுப்புவதே முறையாகும்.

மருத்துவர் அல்லாத ஒருவர்

மனநோயாளரின் சங்கிலிகளை அவிழ்த்த பெருமை பிரெஞ்சு மருத்துவர் பினேலுக்கு உரியது என்று பலரும் படித்திருப்போம். உண்மையில் அச்செயலில் அவருக்கு முன்னோடியாக நின்றவர் மருத்துவப் பட்டம் ஏதும் பெறாத ஓர் ஊழியர். புஸ்ஸேன் என்பது அவர் பெயர். தோல் பதனிடுவது அவர் தொழில். பாரிஸ் நகரையடுத்த பிசேத்ர் மருத்துவமனைக்குக் கண்டமாலை நோய்க்குச் சிகிச்சை பெற வந்தவர், குணமடைந்த பின் அங்கேயே பணியில் அமர்ந்தார். நாளடைவில் மனநோயாளர் பகுதியின் பொறுப்பு அவரிடம் வந்தது. நோயாளிகளை அடிக்கலாகாது என்று தம் கீழிருந்த பணியாளருக்கு அவர் கண்டிப்பான கட்டளை இட்டார். நோயிலிருந்து மீண்டவர்களையே பணியாளராக்கிக்கொள்ள விரும்பினார். துன்பம் அறிந்தவர் கை ஓங்கமாட்டார் என்பது அவர் கணிப்பு. 1797இல் அங்கு இரும்புச் சங்கிலிகள் அகற்றப்பட்டன. பினேல் அவரிடமிருந்து கற்றதை மறைக்கவில்லை. பின்னர்த் தாம் பணியாற்றிய சால்பெத்ரியேர் மருத்துவமனைக்கும் அவரை வரவழைத்துக்கொண்டார்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? சங்கிலியைக் கழற்றுவதற்கு ஒரு நிமிடம் போதும். கழற்றிய பின் அந்த நோயாளியின் அருகே இரவும் பகலும் ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவர் இல்லாத இடத்திற்குச் சங்கிலி மீண்டும் வந்து சேரும்.

ஏர்வாடி

இது அயல்நாட்டுப் பழங்கதை அன்று. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட இயலவில்லை. 28 உயிர்கள் மாண்டன. அவர்களுள் ஒவ்வொருவரும் ஒரு வீட்டின் மகனோ, மகளோ, மனைவியோ ஆவர் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. தனியறையில் அடைப்பதும் கூடாது. நோயாளிக்கோ பிறருக்கோ உடனடியாக நேரவிருக்கும் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் ஒப்புதலோடு, தேவையான அளவுக்கு மேற்படாமல் உடலைக் கட்டுப்படுத்தலாம். சட்டம் வகுத்த இந்நெறியை நள்ளிரவு இரண்டு மணிக்கு வார்டில் நிறைவேற்ற வேண்டியவர்களுள் முன்னிற்பவர், நாம் ஏளனமாய் எண்ணும் அந்த உதவியாளரே.

நாளெல்லாம் என்ன வேலை?

நோயாளிகளைக் குளிப்பாட்டுதல், முடி திருத்த உதவுதல், உண்ணச் செய்தல், படுக்கை மாற்றுதல் ஆகியவை கண்ணுக்குத் தெரியும் வேலைகள். கண்ணுக்குத் தெரியாத வேலை ஒன்று உண்டு, அது கவனித்தல். மருத்துவர் ஒரு நோயாளியோடு சில நிமிடங்களே செலவிட முடியும். உதவியாளரோ எட்டு மணி நேரம் உடனிருக்கிறார்.

செவிலியர் கொடுத்த மாத்திரை விழுங்கப்பட்டதா, கன்னத்தில் ஒதுக்கப்பட்டதா என்று பார்ப்பவர் அவர். மருந்தின் விளைவாகக் கழுத்து ஒரு புறம் முறுக்கிக்கொண்டாலும், கை நடுங்கினாலும், எச்சில் வடிந்தாலும், ஓரிடத்தில் இருக்கமுடியாமல் ஒருவர் நடந்துகொண்டே இருந்தாலும், அதனைக் கண்டு செவிலியரிடம் உடனே தெரிவிக்க வேண்டும். பல நாள் அழுதுகொண்டிருந்த ஒருவர் காரணமின்றித் திடீரென அமைதியடைந்து, தம் பொருள்களைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினால், அனுபவமுள்ள உதவியாளர் மகிழ்ந்துவிடமாட்டார். உயிரை மாய்த்துக்கொள்ளும் முடிவுக்கு அவர் வந்திருக்கக் கூடும். அன்றிரவு அக்கட்டிலருகே கூடுதல் காவல் வேண்டும்.

பேசும் முறையும் ஒரு கலையே. "என் சோற்றில் விஷம் கலந்திருக்கிறார்கள்" என்று ஒரு பெரியவர் தட்டைத் தள்ளுகிறார் எனக் கொள்வோம். "விஷமெல்லாம் இல்லை, பேசாமல் சாப்பிடும்" என்று அதட்டினால் சினம் மூளும். "ஆமாம் ஐயா, இருக்கும்" என்று ஒத்துப் பாடினால் நோய் வேரூன்றும். "அப்படித் தோன்றினால் பயமாகத்தானே இருக்கும், ஐயா? நான் பக்கத்தில் இருக்கிறேன். எல்லோருக்கும் பரிமாறுகிற பாத்திரத்திலிருந்து உங்கள் கண்ணெதிரிலேயே எடுத்துத் தரட்டுமா?" என்று கேட்பதே தக்க வழி. அவர் எண்ணத்தோடு வாதிடாமல் அவர் அச்சத்திற்கு விடை கூறுவதே இதன் நுட்பம். ஒருவர் கொதித்தெழும்போது குரலைத் தாழ்த்தி, கையெட்டாத தொலைவில், வாயிலை மறிக்காமல் நின்று, துணைக்கு மற்றொருவரை அழைத்துக்கொள்வதும் இவ்வாறு கற்றுப் பழகவேண்டியதே.

சேர விரும்புவோருக்கு

இப்பணியின் கடுமையை மறைப்பது நேர்மையாகாது. ஊதியம் பெரும்பாலும் குறைவு. இரவுப் பணி உண்டு. சில வேளைகளில் அடியும் வசைச்சொல்லும் கிடைக்கும். தேறி வீடு சென்றவர் மருந்தை நிறுத்திவிட்டு மீண்டும் வரும்போது மனம் சோரும். ஆதலின் சேருமுன் இளைஞர் தம்மையே சிலவற்றைக் கேட்டுக்கொள்ளட்டும். வசைமொழியை நோயின் குரலாகக் கொண்டு மறக்க என்னால் இயலுமா? வார்டில் கேட்டதை வெளியே கதையாகச் சொல்லாதிருக்க என்னால் இயலுமா? ஒருவர் தாமே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்ள ஒரு மாதம் ஆனாலும் அதைக் கண்டு மகிழ என்னால் இயலுமா? இயலும் என்றால், முறையான பயிற்சி அளிக்கும் மருத்துவமனையை நாடுங்கள். தகுதியுடையோர் பின்னர்ச் செவிலியர் படிப்பில் சேர்ந்து மனநலச் செவிலியராக உயரவும் வழியுண்டு.

பெற்றோருக்கும் ஒரு சொல். மனநோய், குலமும் செல்வமும் பார்த்து வருவதன்று. என்றேனும் ஒரு நாள் நம் குடும்பத்தில் ஒருவரை அத்தகைய வார்டில் விட்டுவிட்டு, வாசல்வரை வந்து திரும்பிப் பார்க்க நேரலாம். அப்போது அவர் கையைப் பற்றி உள்ளே அழைத்துச் செல்பவர் பொறுமையும் பயிற்சியும் உடையவராக இருக்க வேண்டும் என்றுதானே நம் நெஞ்சம் ஏங்கும்? அவரும் ஒரு வீட்டுப் பிள்ளையே. அந்தப் பணியை விரும்பி வரும் நம் வீட்டுப் பிள்ளையைத் தடுக்குமுன், இதனைச் சற்றே நினைத்துப் பார்ப்போம்.