தினமும் 171 நிமிடம் ஃப்ரீ டைம்... அப்புறம் ஏன் 'நேரமே இல்ல' என்கிறோம்?

பொழுதுபோக்கு, டி.வி, செல்போன், வாசிப்பு, விளையாட்டு. இதற்கெல்லாம் நேரம் ஒதுக்கும் இந்தியர்கள் ஒரு நாளில் சராசரியாக 171 நிமிடங்களைச் செலவிடுகிறார்கள். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். தியேட்டரில் ஒரு முழுப் படம் பார்த்துவிட்டு, வெளியே நின்று டீ குடிக்கவும் போதுமான நேரம். "மூணு மணி நேரமா? யாருக்குங்க கிடைக்குது?" என்று இதைப் படித்ததும் உங்களுக்குத் தோன்றியிருந்தால், அந்தச் சந்தேகம் நியாயமானதுதான்.

இந்தக் கணக்கு வந்தது மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-ல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்விலிருந்து. நாடு முழுக்க சுமார் 1.39 லட்சம் வீடுகளில் கேட்டிருக்கிறார்கள். கேட்ட விதம் சுவாரஸ்யமானது. முந்தைய நாள் அதிகாலை 4 மணியிலிருந்து அன்றைய அதிகாலை 4 மணி வரை, அரை மணி நேரம் அரை மணி நேரமாகப் பிரித்து, 'அப்போ என்ன செஞ்சுட்டு இருந்தீங்க?' என்று விசாரிப்பார்கள். ஒரே அரை மணியில் பல வேலைகள் நடந்திருந்தால், குறைந்தது 10 நிமிடம் நீடித்தவற்றைத்தான் குறித்துக்கொள்வார்கள். நம் பிரச்னை இந்த 10 நிமிடத்துக்குள்தான் ஒளிந்திருக்கிறது.

கணக்கில் வராத மூணு நிமிஷம்

இரவு 8 முதல் 9 மணி வரை உங்களுக்கு ஓய்வு என்று வைத்துக்கொள்வோம். ஒரு படத்தைப் போட்டு உட்காருகிறீர்கள். ஃபேமிலி குரூப்பில் ஒரு மெசேஜ். பார்த்துவிட்டு பதில் போடுகிறீர்கள். டெலிவரிக்காரர் ஓ.டி.பி கேட்கிறார். 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று ஆபீஸிலிருந்து ஒரு மெயில் வருகிறது. நாளைக்குத்தான் என்றாலும் மனசு இப்போதே அங்கே போய்விடுகிறது. இடையில் ரெண்டு ரீல்ஸ். எல்லாமே இரண்டு மூன்று நிமிட வேலைகள்தான். தாளில் அது ஒரு மணி நேர ஓய்வு, உடம்புக்கும் மனசுக்கும் அப்படித் தெரியாது.

அமெரிக்கப் பத்திரிகையாளர் பிரிஜிட் ஷுல்ட் 2014-ல் எழுதிய புத்தகத்தில் இதற்கு ஒரு பெயர் வைத்தார். கல்யாண வீட்டில் தூவும் கலர் பேப்பர் துணுக்குகளைப் போல நேரம் சிதறிக் கிடக்கிறது என்றார். பொறுக்கிச் சேர்த்தால் நிறைய இருக்கும். ஆனால், துணுக்காக இருக்கும்வரை எதற்கும் ஆகாது. அப்படிச் சிதறிப்போன பகலுக்கு நஷ்டஈடு கேட்பதுபோலத்தான் பலர் இரவு 11 மணிக்கு மேல் போனோடு உட்காருகிறார்கள். சீன சமூக வலைதளங்களில் இதை 'பழிவாங்கும் கண்விழிப்பு' என்கிறார்கள். பழிவாங்குவது என்னவோ நம்முடைய தூக்கத்தைத்தான். (நியூஸ் டெஸ்க்கில் உட்கார்ந்திருப்பவர்கள் இதையெல்லாம் பேசலாமா என்று கேட்காதீர்கள்.)

இதில் முழுப் பழியையும் நம் மன உறுதிமேல் போடுவது சரியல்ல. வார இதழுக்குக் கடைசிப் பக்கம் இருந்தது. சீரியலுக்கு 'தொடரும்' இருந்தது. அங்கே கை தானாக நின்றது. 2006-ல் ஏஸா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர், கீழே போகப் போக வந்துகொண்டே இருக்கும் 'இன்ஃபினிட் ஸ்க்ரோல்' முறையை உருவாக்கினார். அதற்காக அவரே பிற்பாடு வெளிப்படையாக வருத்தப்பட்டார். நிறுத்தும் இடம் இல்லாத ஒன்றை, நாமாக நிறுத்துவது கஷ்டம்தான்.

அப்போ டைம்டேபிள் போடலாமா?

சுயமுன்னேற்ற வீடியோக்கள் சொல்வது அதைத்தான். 7.00 வாக்கிங், 7.40 புத்தகம், 8.10 கிட்டார். கேட்கும்போதே ஸ்கூல் ஞாபகம் வருகிறது இல்லையா? கேப்ரியேலா டோனியெட்டோ, செலின் மால்கோக் என்ற இரு ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வு, அந்த உணர்வு உண்மைதான் என்கிறது. அவர்களின் சோதனைகளில் ஒன்று இது. பரீட்சை நேரத்தில் கல்லூரி வளாகத்தில் மாணவர்களுக்கு இலவச காபியும் குக்கீயும் கொடுத்தார்கள். ஒரு குழு இன்ன நேரத்துக்கு வருவதாக முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். மற்றொரு குழுவினர், கொடுக்கப்பட்ட இரண்டு மணி நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். மணி குறித்துக்கொண்டு வந்தவர்கள் அதைக் குறைவாகவே ரசித்தார்கள். குறித்த நேரத்துக்குப் போக வேண்டும் என்றதும் ஓய்வும் ஒரு வேலையாகிவிடுகிறது.

அதற்காகத் திட்டமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. 'செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட பிறகு பீச்சுக்குப் போறோம்' என்பது போதும். 8.15 என்று எழுதத் தேவையில்லை. என்ன செய்யப் போகிறோம் என்பது தெரிந்திருந்தால், சோபாவில் உட்கார்ந்து ஓ.டி.டி-யில் எதைப் பார்ப்பது என்று தேடியே அரை மணி போகாது. போனை வேறொரு அறையில் வைப்பதும் பலன் தரும். சைலன்ட்டில் போட்டுப் பக்கத்திலேயே வைத்தால், கை அங்கேதான் போகும்.

வெளியே போக காசு வேண்டுமே என்றால், நூலகம் இருக்கிறது. சொத்து வரியோடு 10 சதவிகித நூலக வரியும் நம்மிடம் வசூலிக்கப்படுகிறது. ஆக, உள்ளே போகாவிட்டாலும் பணம் கட்டியாகிவிட்டது. சென்னை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தை எடுத்துச் சென்று படிக்கவும் தனிப் பிரிவு உண்டு. டிசம்பர் மார்கழி சீசனில் பல சபாக்களின் காலை, மதியக் கச்சேரிகளுக்கு டிக்கெட்டே கிடையாது.

நிறைய நேரம் கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் அரைகுறை உண்மைதான். சுமார் 21 ஆயிரம் அமெரிக்கர்களின் தரவுகளை வைத்து 2021-ல் வெளியான ஆய்வில், ஓய்வு நேரம் சுமார் 2 மணி நேரம் வரை கூடக் கூட மனநிறைவும் கூடியது. 5 மணி நேரத்தைத் தாண்டியபோது அது குறைய ஆரம்பித்தது.

யார் ஓய்வு, யார் உழைப்பு?

மறுபடியும் அந்த 171-க்கு வருவோம். ஆண்களுக்கு 177 நிமிடம், பெண்களுக்கு 164. வெறும் 13 நிமிட வித்தியாசம்தானே என்று தோன்றும். அதே ஆய்வின் அடுத்த எண்ணையும் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிடும் நேரம் 289 நிமிடங்கள். ஆண்கள் 88. அதிலும் பெண்களில் பத்துக்கு எட்டுப் பேர் இந்த வேலையைச் செய்கிறார்கள். ஆண்களில் நாலில் ஒருவருக்குக் கொஞ்சம் கூடுதலானவர்கள்தான்.

நம் வீடுகளில் டி.வி முன்னால் ஒருத்தர் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். இன்னொருத்தர் அதே டி.வி-யைப் பார்த்துக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். நடுவில் குக்கர் விசில் எண்ண வேண்டும், "அம்மா, என் சார்ஜர் எங்கே?" என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். இருவரும் பார்த்தது ஒரே சீரியல். இருவருக்கும் கிடைத்தது ஒரே ஓய்வா? நிமிடக் கணக்கு மட்டும் வைத்து இதைச் சொல்லிவிட முடியாது. கலர் பேப்பர் துணுக்குகள் அதிகம் கிடப்பது எப்போதும் அம்மா பக்கம்தான்.

இங்கே ஆப், டிப்ஸ் எதுவும் வேலைக்காகாது. வீட்டில் வேலையைப் பிரித்தால்தான் ஓய்வும் பிரியும். 'ஹெல்ப் பண்றேன்' என்று ஒருநாள் வெங்காயம் நறுக்கிக் கொடுப்பதைச் சொல்லவில்லை. அப்போதும் அடுத்து என்ன சமைப்பது, பருப்பு தீர்ந்துவிட்டதா என்ற யோசனை அவர் தலையில்தான் ஓடும். வாரத்தில் ஒரு வேளை முழுக்க, உதாரணத்துக்கு வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாடு, என்ன சமைப்பது என்பதில் தொடங்கி மேடை துடைப்பது வரை வேறொருவர் பொறுப்பு. அந்த இரண்டு மணி நேரம் அம்மாவிடம் யாரும் எதையும் கேட்கக் கூடாது, உப்பு டப்பா எங்கே என்பதைக்கூட.