முதல் லெவலில் உயிர் பிழைக்க

பால்டர்ஸ் கேட் போன்ற கேம்களை விளையாடியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கதவைத் திறக்கும் முன் கேமை சேவ் செய்துகொள்வோம். செத்துப்போனால் லோட் செய்துவிட்டு மீண்டும் நுழைவோம். அந்த கேமுக்கு மூலமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் இந்த வசதி கிடையாது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கி 1974-ல் வெளியான இது, தாள், பென்சில், தாயக்கட்டை வைத்து மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கேரக்டர்.

புதியவரின் கேரக்டர் முதல் சண்டையிலேயே விழுவது ஏன்? சாதாரணக் கணக்குதான். எஸ்ஆர்டி 5.1 என்ற அடிப்படை விதிகளின் பிடிஎஃப் 2023 ஜனவரி முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கீழே உள்ள எண்கள் அதிலிருந்து எடுத்தவை.

புது மந்திரவாதிக்கு ஹிட் பாயின்ட் 7 என்று வைத்துக்கொள்வோம். எதிரே காப்ளின் என்ற குட்டிப் பூதம். அதன் ஒரு அடி 3 முதல் 8 பாயின்ட் வரை குறைக்கும். அதாவது, ஒரே அடியில் நீங்கள் விழ மூன்றில் ஒரு வாய்ப்பு! உங்கள் ஆர்மர் கிளாஸ் 12 என்றால் அதன் வீச்சு 65 சதவீதம் உங்கள் மேல் படும். மேஜ் ஆர்மர் மந்திரம் போட்டால் 50 சதவீதம். அதோடு தாக்காமல் டாட்ஜ் செய்தால் 25 சதவீதம்தான். பலரும் டாட்ஜை வீணான டர்ன் என்று நினைக்கிறார்கள். கதவருகே நண்பர் வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்க அதைவிட நல்ல வழி இல்லை.

ஸ்லீப் மந்திரம் 8 முகக் கட்டை ஐந்தை உருட்டி, அவ்வளவு ஹிட் பாயின்ட் உள்ளவர்களைத் தூங்க வைக்கும். சராசரியாக மூன்று காப்ளின்கள். ஆனால் குறைந்த பாயின்ட் உள்ளவரிடமிருந்துதான் அது தொடங்கும். அடிபட்ட உங்கள் நண்பர் அந்த வட்டத்துக்குள் நின்றால் முதலில் தூங்குவது அவர்தான்.

பூஜ்யத்துக்கு வந்தால் டர்னுக்கு ஒருமுறை 20 முகக் கட்டையை உருட்ட வேண்டும். மூன்று முறை தோற்றால் சாவு. யாரும் உதவாவிட்டால் பிழைக்க சுமார் 60 சதவீத வாய்ப்பு. பக்கத்தில் நிற்கும் எதிரி ஒருமுறை குத்திவிட்டால் இரண்டு தோல்வி சேர்ந்துவிடும். எனவே விழுந்தவரைக் கவனித்த பிறகுதான் மற்றதெல்லாம். 5 பொற்காசுக்குக் கிடைக்கும் ஹீலர்ஸ் கிட் பத்து முறை உதவும், அதற்குக் கட்டை உருட்டவே வேண்டாம். வாளுக்குச் செலவழிக்கும் முன் இதை வாங்குங்கள். பொறி இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க ஒரு பத்தடிக் கம்பும் போதும்.

நால்வர் கொண்ட குழு இரண்டாம் லெவலுக்குப் போக 24 காப்ளின்களை வெல்ல வேண்டும். எல்லாவற்றோடும் சண்டை போட வேண்டும் என்பதில்லை; பேசிப் பார்க்கலாம், ஓடவும் செய்யலாம். ஆனால் ஓடும்போது முதுகில் ஒரு வெட்டு விழாதிருக்க 'டிஸ்எங்கேஜ்' என்று சொல்லிவிட்டு ஓடுங்கள்.

எங்கள் ஊத்துக்கோட்டையில் 20 முகக் கட்டைக்கு எங்கே போவது? நண்பர்களில் இருவருக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை. அதனால் வீடியோ காலும் கூகுள் ஷீட்ஸும்தான் எங்கள் மேஜை. ரேண்ட்பிட்வீன் ஃபங்ஷனில் 1, 20 கொடுத்தால் கட்டை தயார். எண் வந்ததும் அதை காப்பி செய்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், வி அழுத்தி வெறும் மதிப்பாக ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்தவர் எங்காவது ஒரு எழுத்தை டைப் செய்ததும் ஷீட் மறுபடி உருட்டி, உங்கள் 20 காணாமல் போய்விடும்.