தாத்தாவுக்கு கீமோ தாங்குமா? வயதை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள்!

வீட்டில் 70 வயதைத் தாண்டிய ஒருவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததும், சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது இதுதான்: "இந்த வயசுல கீமோ தாங்குமா?" சிலர் அதோடு நிற்பதில்லை. "பேசாம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் நல்லா பாத்துக்கலாம்" என்று தீர்ப்பும் சொல்லிவிடுவார்கள். இன்னொரு பக்கம், "எவ்வளவு செலவானாலும் பரவாயில்ல, பெரிய ட்ரீட்மென்ட்டே கொடுங்க டாக்டர்" என்று அவசரப்படும் பிள்ளைகளும் உண்டு.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு முக்கியமான படி இருக்கிறது. அதுதான் உடல் தகுதி மதிப்பீடு. எந்தச் சிகிச்சை, எவ்வளவு தீவிரமாக என்பதை முடிவு செய்ய மருத்துவர்களுக்கு உதவுவது இதுதான். இதில் குடும்பத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

ஏன் இந்த மதிப்பீடு?

ரத்தப் புற்றுநோயில் பல வகை உண்டு. முதியவர்களை அதிகம் பாதிக்கும் வேகமான வகை அக்யூட் மைலாய்டு லுகேமியா. சுருக்கமாக ஏ.எம்.எல். எலும்பு மஜ்ஜையில் முதிர்ச்சி அடையாத அணுக்கள் பெருகி, நல்ல ரத்த அணுக்கள் உருவாக இடமில்லாமல் செய்துவிடும். இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

• தீவிர கீமோதெரபி: சைட்டராபின் மருந்து 7 நாட்கள் இரவு பகலாக நரம்பு வழியே ஏறும். கூடவே டானோரூபிசின் போன்ற ஒரு மருந்து 3 நாட்கள். அதன் பிறகு சில வாரங்களுக்கு ரத்த அணுக்கள் மிகவும் குறைந்துவிடும், நோய்த்தொற்று எளிதில் வரும். ஏறக்குறைய ஒரு மாதம் மருத்துவமனையில் இருக்க நேரிடும்.

• மிதமான சிகிச்சை: 28 நாட்கள் ஒரு சுற்று. அதில் 7 நாட்கள் அசாசிடிடின் ஊசி, கூடவே வெனிட்டோகிளாக்ஸ் மாத்திரை.

• ஆதரவுச் சிகிச்சை: ரத்தம் ஏற்றுதல், தொற்றுக்கு மருந்து, வலி நிவாரணம்.

தாங்க முடியாதவருக்குத் தீவிர கீமோ கொடுத்தால் நோயைவிட மருந்தே ஆபத்தாகிவிடலாம். தாங்கக் கூடியவருக்கு "வயசாயிடுச்சு" என்று கொடுக்காமல் விட்டால், கிடைத்திருக்க வேண்டிய காலம் கைநழுவும். தீவிர கீமோ வேண்டாம் என்றாலே "கை விட்டுட்டாங்க" என்று அர்த்தமும் இல்லை. 75 வயதைக் கடந்தவர்கள் அல்லது தீவிர கீமோ தாங்காதவர்களிடம் நடத்தப்பட்ட ஒரு ஆய்வு 2020-ல் வெளியானது. அசாசிடிடின் மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 9.6 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள். வெனிட்டோகிளாக்ஸும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 14.7 மாதங்கள்.

என்னென்ன பார்ப்பார்கள்?

1. அன்றாட வாழ்க்கை: பகலில் எவ்வளவு நேரம் எழுந்து நடமாடுகிறார்? குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறை போவது எல்லாம் தானாகவே செய்கிறாரா? கடைக்குப் போவது, பணக் கணக்கு பார்ப்பது, மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்வது எப்படி? 'ஈகாக்' என்ற அளவுகோலில் நன்றாக நடமாடுபவருக்கு 0, முழுக்கப் படுக்கையில் இருப்பவருக்கு 4.

2. நடையும் பலமும்: 4 மீட்டர் தூரத்தை எத்தனை விநாடிகளில் நடக்கிறார், கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்கார முடிகிறதா, தடுமாறாமல் 10 விநாடி நிற்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். மொத்தம் 12 மதிப்பெண். பார்க்க விளையாட்டு மாதிரி தெரியும். ஆனால் 60 வயதைக் கடந்த 74 ஏ.எம்.எல். நோயாளிகளிடம் நடந்து 2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், இதில் 9-க்குக் கீழ் எடுத்தவர்கள் தீவிர கீமோ பெற்ற பிறகு வாழ்ந்த காலம் குறைவாக இருந்தது.

3. நினைவாற்றல்: மூன்று வார்த்தைகளைச் சொல்லி, சிறிது நேரம் கழித்துக் கேட்பார்கள். கடிகாரம் வரைந்து 11 மணி 10 நிமிடத்தைக் காட்டச் சொல்வார்கள். வீட்டிலேயே மாத்திரை சாப்பிட வேண்டியவருக்கும், "காய்ச்சல் அடிக்குது" என்று உடனே சொல்ல வேண்டியவருக்கும் இது ரொம்ப முக்கியம்.

4. உள்ளுறுப்புகள்: டானோரூபிசின் வகை மருந்துகள் இதயத்தைப் பலவீனமாக்கக் கூடும் என்பதால் எக்கோ எடுப்பார்கள். சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை அளவு எல்லாம் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

5. ஊட்டமும் மனநிலையும்: எடை குறைந்திருக்கிறதா, பசி இருக்கிறதா, மனச்சோர்வு இருக்கிறதா, கூட இருந்து பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்றும் கேட்பார்கள்.

உங்கள் வேலை: உள்ளதைச் சொல்வது

மருத்துவரைப் பார்த்ததும் நம் பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, "எனக்கென்ன டாக்டர், நல்லாத்தான் இருக்கேன்" என்பார்கள். போன மாதம் பாத்ரூமில் விழுந்ததைச் சொல்ல மாட்டார்கள். வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அது தெரியும். "சொன்னா ட்ரீட்மென்ட் கொடுக்க மாட்டாங்களோ" என்று நீங்களும் மறைக்காதீர்கள். மறைத்தால் தாங்க முடியாத மருந்து உடம்பில் ஏறும். ஆபத்து அவருக்குத்தான்.

இன்னொன்றையும் மறக்காமல் சொல்லுங்கள்: நோய் வருவதற்கு முன், இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பு எப்படி இருந்தார்? தினமும் தோட்ட வேலை பார்த்தவர் இன்று படுத்துக் கிடந்தால், அது முதுமையாக இல்லாமல் ரத்தசோகையோ காய்ச்சலோ தந்த பலவீனமாக இருக்கலாம். ரத்தம் ஏற்றி, தொற்றைச் சரிசெய்ததும் தேறக்கூடும். அதனால்தான் இந்த மதிப்பீட்டை ஒரே தடவையோடு முடிக்காமல், சிகிச்சையின் இடையிலும் மறுபடி பார்ப்பார்கள்.

போகும்போது எடுத்துச் செல்ல:

• சாப்பிடும் எல்லா மருந்துகளும். நாட்டு மருந்து, வலி மாத்திரை, சத்து மாத்திரை உட்பட. உதாரணமாக, சில பூஞ்சைத் தொற்று மருந்துகளோடு சேர்ந்தால் வெனிட்டோகிளாக்ஸ் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். நேரம் இல்லையென்றால் அட்டைகளை மொபைலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.
• பழைய ரிப்போர்ட்டுகள், எக்கோ, டிஸ்சார்ஜ் சம்மரி.
• கடந்த 6 மாதங்களில் விழுந்தது, எடை குறைந்தது பற்றிய சிறு குறிப்பு.

ஒரு எச்சரிக்கை: மேலே சொன்ன நடை, நிற்கும் சோதனைகளை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். இந்த நோயில் தட்டணுக்கள் குறைந்திருக்கும். விழுந்தால் ரத்தக்கசிவு ஆபத்து அதிகம்.

அவரிடமும் கேளுங்கள்

பல வீடுகளில் நோயாளியைத் தவிர எல்லோரும் பேசுவார்கள். அவருக்கு எது முக்கியம்? இன்னும் கொஞ்ச காலம் வேண்டும் என்று ஒரு மாதம் மருத்துவமனையில் இருக்கத் தயாரா, இல்லை வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருப்பதா? மதிப்பீடு சொல்வது உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதை. விருப்பத்தை அவர்தான் சொல்ல வேண்டும்.

செலவுக்கும் உதவிக்கும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. அட்டை இல்லையென்றால் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தை அணுகுங்கள். எந்தப் பரிசோதனை, எந்த மருந்து இதில் அடங்கும் என்பதைச் சிகிச்சை தொடங்கும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.

கீமோ தொடங்கிய பின் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், "காலையில பாத்துக்கலாம்" என்று காத்திருக்காதீர்கள். இரவானாலும் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வண்டி இல்லையென்றால் 108.

ஏ.எம்.எல். வாரக்கணக்கில் காத்திருக்கும் நோய் அல்ல. சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடிப் பேசி முடிக்கும் வரை தள்ளிப்போடாமல், முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் கேளுங்கள்: "டாக்டர், இவருக்கு உடல் தகுதி மதிப்பீடு செஞ்சாச்சா?"