சிறைக்குள் உளவியலாளர்

மாணவர் ஒருவர் தனியே வந்து தன் மனக்குறையைச் சொல்கிறார். அதைக் கேட்ட ஆசிரியரே மறுநாள் அவருடைய நடத்தை பற்றி அறிக்கை எழுத வேண்டும் என்றால், அவர் அடுத்த முறை வாய் திறப்பாரா? இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் பணியாற்றும் உளவியலாளர்களுக்கு இது அன்றாடச் சிக்கல்.

தொடக்கத்தில் அவர்களின் வேலை பெரும்பாலும் சோதனைகள் நடத்துவதுதான். நுண்ணறிவை அளப்பார்கள், எந்தப் பணி பொருந்தும் என்று சொல்வார்கள். 1974-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மார்ட்டின்சன், சீர்திருத்தத் திட்டங்கள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, அவற்றால் பெரிய பயன் தெரியவில்லை என்று எழுதினார். நம்பிக்கை தளர்ந்தது. அதை மீட்டவர்கள் கனடாவின் ஆண்ட்ரூஸ், போன்டா ஆகியோர். மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பு அதிகம் உள்ளவருக்கே அதிகப் பயிற்சி தர வேண்டும். குற்றத்தோடு தொடர்புள்ள குறைகளையே தொட வேண்டும். அவர் கற்கும் விதத்துக்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்றார்கள். மூன்றாவது விதி நமக்குப் புதிதல்ல!

1990-களில் உளவியலாளர்கள் குழுப் பயிற்சிகளை வடிவமைத்தார்கள். விடுதலையை முடிவு செய்யும் பரோல் வாரியத்துக்கு அறிக்கையும் எழுதினார்கள். 2005-இல் முடிவு நாள் குறிக்கப்படாத ஒரு தண்டனை அங்கே நடைமுறைக்கு வந்தபின் இந்த அறிக்கையின் கனம் கூடியது. ஆபத்து குறைந்துவிட்டதெனக் காட்டினால்தான் விடுதலை. அதைக் காட்டப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். பயிற்சியிலோ போதிய இடமில்லை. 2012-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இதைத் தவறென்றது. அதே ஆண்டு அத்தண்டனை நீக்கப்பட்டாலும், முன்பே அதைப் பெற்றவர்களுக்கு அந்த நீக்கம் பொருந்தவில்லை.

அடுத்த அதிர்ச்சி 2017-இல். பாலியல் குற்றவாளிகளுக்கான முதன்மைப் பயிற்சியை அரசே மதிப்பிட்டபோது, பயிற்சி பெற்றவர்களில் 10 விழுக்காட்டினர் மீண்டும் பாலியல் குற்றம் செய்திருந்தார்கள். பெறாதவர்களில் 8 விழுக்காட்டினர். நல்லெண்ணத்தோடு பல்லாண்டு நடத்திய பாடம் பலன் தரவில்லை என்று தெரிந்ததும் அதை நிறுத்தினார்கள். இந்தத் துணிவு பாராட்டத்தக்கது. புதிய பயிற்சிகளில், செய்த குற்றத்தைத் திரும்பத் திரும்ப விவரிக்கச் சொல்வதில்லை. இனி எப்படி வாழ்வது என்பதற்கே முதலிடம்.

இன்று உளவியலாளரின் வேலை அறைக்கு வெளியிலும் நீள்கிறது. சிறைக் காவலர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். சில பிரிவுகளில் சாப்பாட்டு நேரப் பேச்சு, சிறு சச்சரவு ஆகியவற்றைக் கையாளும் விதம்கூட உளவியல் அடிப்படையில் திட்டமிடப்படுகிறது. கைதியோடு நாள் முழுவதும் இருப்பவர் காவலர்தானே.

பழைய சிக்கல் மட்டும் தீரவில்லை. நேர்காணல் தொடங்கும் முன்பே, "நீங்கள் சொல்வது அறிக்கையில் இடம்பெறலாம், அதை வாரியம் படிக்கும்" என்று உளவியலாளர் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அதைக் கேட்டபின் பேச மறுப்பவர்களும் இருக்கிறார்கள்.