திக்குவாய்க் குழந்தையும் மணல் வீடும்

சிறுவன் ஒருவனை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். வகுப்பறையில் ஆசிரியர் இடாப்பை விரித்துப் பெயர்களை வாசிக்கின்றார். பத்தாவது பெயர் அவனுடையது. முதற் பெயர் ஒலிக்கும்போதே அவனுக்கு உள்ளங்கை வியர்த்துவிடுகின்றது. ‘உள்ளேன் ஐயா’ என்பன இரண்டே சொற்கள்; அவை தொண்டையிலேயே நின்றுவிடுகின்றன. பின்வரிசையிலே சிரிப்பொலி எழுகின்றது.

அதே சிறுவன் மாலையில் புல்மோட்டைக் கடற்கரையில் அமர்ந்திருக்கின்றான். இல்மனைற்றுக் கனியம் கலந்த கரிய மணலில் வீடு கட்டியவாறே தனக்குத்தானே தங்குதடையின்றிக் கதை சொல்லிக்கொள்கின்றான். காலையிற் கட்டுண்ட நா மாலையில் அவிழ்ந்தது எவ்வாறு?

திக்குவாய் அறிவுக் குறைவினால் வருவதன்று. பெற்றோரின் வளர்ப்புப் பிழையுமன்று. பேச்சை இயக்கும் மூளையின் செயற்பாட்டோடும் பரம்பரையோடும் தொடர்புடையது அது. பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையிலே தோன்றும். நூறு குழந்தைகளுள் ஏறத்தாழ ஐவரிடம் தோன்றினும், அவருள் பெரும்பாலோர் காலப்போக்கில் மீண்டுவிடுகின்றனர். தனித்திருக்கையிலும், கூடிப் பாடுகையிலும், பலர் சேர்ந்து ஓதுகையிலும் திக்கல் பெரிதும் குறைவது யாவரும் காணக்கூடியதே.

ஆயினும் திக்கலின்மேல் இன்னொரு சுமை ஏறுகின்றது. அதுவே அச்சம். பிறர் நகைப்பாரோ என்று அஞ்சிய குழந்தை பேச்சையே தவிர்க்கின்றது. விடை தெரிந்தும் கையை உயர்த்துவதில்லை. கடைக்குப் போகச் சொன்னால் வயிற்று வலி என்கின்றது.

குறை கூறுதல் குழந்தையை எங்ஙனம் ஒடுக்கும் என்பதற்கு அமெரிக்க நாட்டு அயோவா மாநிலத்தில் 1939 இல் நடந்த சோதனை ஒன்று சான்றாகும். திக்குவாய் பற்றி ஆராய்ந்த வெண்டெல் ஜோன்சனின் மேற்பார்வையில் 22 அநாதைக் குழந்தைகள் அதில் ஈடுபடுத்தப்பட்டனர். அவருள் சிலரிடம், பேச்சு நன்றாக இருந்தபோதிலும், ‘உன் பேச்சிற் குறையுண்டு’ என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. விளைவு யாது? அவருட் பலர் வாய் திறக்கவே கூசி ஒதுங்கினர். அச்செயலுக்காக அயோவாப் பல்கலைக்கழகம் 2001 இல் பகிரங்கமாக மன்னிப்புக் கோரிற்று.

ஏச்சினால் மூடிய வாயைத் திறக்க விளையாட்டு உதவும். இலண்டனிலே மாகரெட் லோவன்பெல்ட் என்னும் பெண் மருத்துவர் 1920களின் இறுதியில் மணற்றட்டும் சிறு பொம்மைகளும் வைத்துக் குழந்தைகளின் மனத்தை அறிய முற்பட்டார். சொல்ல இயலாததைக் குழந்தை மணலிலே காட்டிவிடும் என்பது அவர் கண்ட உண்மை. நமது கிழக்கு மாகாணத்திலும் இதற்கு முன்னோடி உண்டு. கனடாக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைக் குருவான போல் சற்குணநாயகமும் 1996 இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை அமைத்தனர். அது திக்குவாய்க்கென எழுந்ததன்று. போரினால் மனம் புண்பட்ட தமிழ், முஸ்லிம் குழந்தைகளுக்காக எழுந்தது. எனினும் களிமண்ணும் வண்ணமும் கதையும் நாடகமும் அச்சத்தை ஆற்றும் என்ற நம்பிக்கையே அதன் அடித்தளம்.

இதனை வீட்டிலே எப்படிச் செய்வது? இலண்டன் மைக்கல் பேலின் நிலையத்தார் வாரத்திற் சில நாட்கள் ஐந்து நிமிடம் குழந்தையோடு விளையாடுமாறு பெற்றோருக்குச் சொல்கின்றனர். விளையாட்டைக் குழந்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்; பெரியவர் அதன் போக்கிற் செல்ல வேண்டும். கேள்விமேற் கேள்வி கேட்டலாகாது. ‘மெதுவாகச் சொல்’ என்று திருத்தலும், சொல்லை முந்திக்கொண்டு முடித்து வைத்தலும் ஆகா. சொல் வரும்வரை முகம் பார்த்துப் பொறுத்திருத்தலே பெரியோர் கடமை.

பின்பு படிப்படியாக முன்னேறலாம். முதலிற் பொம்மையின் வாயாற் குழந்தை பேசட்டும். அடுத்து மணலிலே மீன்கடை விரிக்கட்டும். உம்மாவோ வாப்பாவோ வாங்க வருபவராகட்டும். பின்னர் அயல்வீட்டுத் தோழன் ஒருவன் வாடிக்கைக்காரனாக வரட்டும். இறுதியில் உண்மையான கடைக்கு ஒரு பொருள் வாங்க அனுப்பலாம். ஒரு படியில் அச்சம் தணிந்த பின்னரே அடுத்த படி. ஆசிரியரும் சில நாட்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து விடை சொல்ல விடலாம். சிரிப்போரைத் தனியே அழைத்து அறிவுறுத்தலாம்.

விளையாட்டுத் திக்கலை வேரோடு களைந்துவிடும் என்று எவரும் மயங்கற்க. திக்கல் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் வேறெவர்க்கும் இருந்தாலோ, பேச்சு மொழிச் சிகிச்சையாளரை நாடுதல் வேண்டும். களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடம் 1997 முதல் இத்துறையினரைப் பயிற்றி வருகின்றது. சிகிச்சை நாவைப் பழக்கும். விளையாட்டு நெஞ்சைப் பழக்கும்.

திக்கித் திக்கியேனும் அச்சிறுவன் ‘உள்ளேன் ஐயா’ என்று தலை நிமிர்ந்து சொல்வானாயின், அதுவே வெற்றி. அதைக் கேட்கும் பொறுமை நமக்கு வேண்டும்.