இலையில் படியும் வெண்படலம்

உத்தரமேரூரை அடுத்த திருப்புலிவனத்தில் வியாக்ரபுரீசுவரர் கோயில் கொண்டிருக்கிறார். வண்டு தீண்டாத மலரைப் பொழுது புலருமுன் கொய்து இறைவனுக்குச் சாத்த விரும்பிய முனிவர், பனியில் வழுக்கும் மரங்களில் ஏறுவதற்காகப் புலியின் கால்களை வேண்டிப் பெற்றார் என்பது புராணம். மலரின் தூய்மைக்காக அவ்வளவு பாடுபட்டவரை நினைவூட்டும் ஊரில், இலையின் தூய்மையைப் பற்றிச் சிந்திக்க நமக்கு ஒரு வாய்ப்பு நேர்ந்தது.

அங்கே நெசவுக் குடும்பம் ஒன்றைக் காணச் சென்றிருந்தோம். குடும்பத் தலைவர் தறியில் இருந்தார். அம்மையார் நிழல்வலைப் பந்தலின் கீழ் ஆர்க்கிட் தொட்டிகளைக் கவனித்துக் கொண்டிருந்தார். தறி ஓயும் மாதங்களில் கைகொடுக்கட்டும் என்று சிறுகச் சிறுகச் சேர்த்த செடிகள் அவை. சென்ற கோடையில் வந்த வியாபாரி, இலைகளின்மேல் வெண்மை படர்ந்திருப்பதைக் கண்டு, நோய் என்று சொல்லிப் பாதி விலையே பேசினாராம். மனம் நொந்த அம்மையார், தேங்காய் எண்ணெய் தொட்டு எல்லா இலைகளையும் ஒரே துணியால் துடைத்திருக்கிறார். சில நாள் பளபளப்பு இருந்தது. பிறகு அந்த எண்ணெயிலேயே சாலைப் புழுதி ஒட்டி இலைகள் கறுத்தன. செடிகள் சில வாடின.

"இது நோய்தானாங்க?" என்று அவர் நம்மைக் கேட்டார். நோயன்று. ஆழ்குழாய்க் கிணற்று நீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் கரைந்துள்ளன. அந்நீரை இலைமேல் தெளித்தால் நீர் ஆவியாகும். உப்பு இலையிலேயே தங்கும். நெசவாளர்க்கு இது புதிதன்று. பட்டு நூலின் பசையைப் போக்கச் சோப்பு நீரில் வேகவைக்கும்போது, கடின நீராயின் நுரை எழாமல் திரி திரியாகப் படிவதை நாம் கண்டிருக்கிறோம். நூலைக் கெடுக்கும் அதே சுண்ணாம்புதான் இலையையும் மூடுகிறது. அதன்மேல் புழுதியும் சேர்ந்தால் இலைக்குக் கிட்டும் வெளிச்சம் குறைகிறது. வெளிச்சம் குறைந்தால் உணவு குறைகிறது. உணவு குறைந்தால் பூ குறைகிறது.

ஆயினும், வெண்மை யாவும் உப்பு என்று கொள்ளலாகாது. இலைக்கவட்டில் பஞ்சு போலத் திரண்டிருப்பின் அது மாவுப்பூச்சி. பரவலாகவும் காய்ந்தும் இருந்து, எலுமிச்சைச் சாறு கலந்த நீர் பட்டதும் கரைந்தால் அது உப்பே.

சுத்தம் செய்யும் முறை எளியது. புழுதி மட்டுமாயின், மழைநீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணி போதும். இலையின் அடிப்புறத்தை ஒரு கையால் தாங்கி, அடியிலிருந்து நுனி நோக்கித் துடைக்க வேண்டும். உப்புப் படிவுக்கு, வடிகட்டிய எலுமிச்சைச் சாறு ஒரு பங்கும் நீர் பத்துப் பங்கும் கலந்து, முதலில் ஒரு பழைய இலையில் சோதித்துப் பார்த்துப் பின்னர் மற்றவற்றுக்குப் பயன்படுத்தலாம். சிறிது நேரம் ஊறவிட்டுத் துடைத்து, மழைநீரால் மறுமுறையும் துடைத்துச் சாற்றை நீக்கிவிட வேண்டும். அழுத்தித் தேய்ப்பதும் நகத்தால் சுரண்டுவதும் இலையைக் காயப்படுத்தும்.

இவ்வேலைக்குக் காலை நேரமே உகந்தது. உச்சி வெயிலில் செய்யலாகாது. குருத்தில் நீர் தேங்கினால் அழுகல் வரும்; ஆகவே பஞ்சால் ஒற்றி எடுத்தல் அவசியம். எண்ணெயும் மெருகுப் பூச்சுகளும் இலைத் துளைகளை அடைக்கும், அவற்றை விலக்குக.

இன்னொன்றை வற்புறுத்திக் கூறுகிறோம். ஒரு செடியைத் துடைத்த துணியால் அடுத்த செடியைத் துடைக்கலாகாது. ஆர்க்கிட்டைத் தாக்கும் தேமல் நோய்க் கிருமிகள் சாற்றின் வழியே பரவுபவை. அவை தொற்றியபின் மருந்தில்லை. பழைய வேட்டியைக் கிழித்துச் செடிக்கு ஒரு துண்டு வைத்துக் கொண்டால் செலவுமில்லை.

துடைப்பதினும் மேலானது படியாமல் காப்பது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் கட்டிடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் கூரை கழுவிவரும் முதல் நீரை வெளியே விட்டு, பின்வரும் நீரை மூடிய தொட்டியில் பிடித்து வைத்தால் செடிகளுக்கு ஆகும். அது தீர்ந்தபின் கிணற்று நீரைத் தொட்டியின் வேர்ப்பகுதிக்கு மட்டும், கீழே வழிந்தோடும்படி ஊற்றுக. இலைமேல் தெளிக்க வேண்டா.

தனி வீட்டில் பெரிய தொட்டி கட்டப் பொருள் போதாதிருக்கலாம். நாலைந்து அங்கத்தினர் சேர்ந்தால் இயலும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் குடவோலையால் ஆள் தேர்ந்ததைக் கூறுகின்றன. நீரையும் தோட்டத்தையும் ஊர்ப் பொதுவில் வைத்துப் பேணிய மண் இது.

நாம் விடைபெறுகையில் அம்மையார் ஓர் இலையைத் துடைத்துக் காட்டினார். பச்சை தெரிந்தது. "அடுத்த தடவை முழு விலை கேட்பேன்" என்றார். கேட்கட்டும், கிடைக்கட்டும்.