தேக்கடியிற் கானுலா

வேட்டை முற்காலத்து மன்னர்க்குரிய பொழுதுபோக்காக இருந்தது. இக்காலத்துக் காட்டிற்குச் செல்லும் விருந்தினரோ துப்பாக்கி ஏந்திச் செல்வதில்லை. கண்ணையும் செவியையும் மட்டுமே கொண்டு செல்கின்றனர். இம்மாற்றம் எங்ஙனம் நேர்ந்தது, அவர் ஆங்கு யாது செய்கின்றனர், அதனாற் காட்டிற்கு விளைவது யாது என்பவற்றைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

'சபாரி' என்பது கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள சுவாகிலி மொழிச் சொல். பயணம் என்பது அதன் பொருள். 1909-ஆம் ஆண்டில் அமெரிக்க முன்னாட் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட் அங்கு மேற்கொண்ட பயணத்தில், அவரும் அவர் மைந்தரும் 500-க்கு மேற்பட்ட விலங்குகளைச் சுட்டு வீழ்த்தினர். அக்காலத்திற் கானுலா என்றால் கொலையே. 1950-இல் நார்மன் கார் என்பார், இன்று சாம்பியா எனப்படும் நாட்டின் லுவாங்குவா ஆற்றுப் பள்ளத்தாக்கில், அந்நாட்டுக் குடித்தலைவரின் இசைவு பெற்று, விலங்குகளைக் கண்டு மகிழ்தற்கென ஒரு முகாம் அமைத்தார். அதன் வருவாய் அம்மக்களுக்கே சென்றது. 1977-இல் கென்யா நாடு வேட்டையை அறவே தடுத்தது.

ஆப்பிரிக்க முகாம்களின் ஒருநாள் ஒழுங்கு விலங்குகளின் வாழ்க்கையை ஒட்டியதே. விடியுமுன் விருந்தினரை எழுப்பித் திறந்த வண்டியில் அழைத்துச் செல்வர். வெயில் ஏறியதும் விலங்குகள் நிழலில் ஒதுங்குமாதலின் விருந்தினரும் இளைப்பாறுவர். மாலையில் மீண்டும் உலாவும், சில இடங்களில் இரவில் விளக்கொளி கொண்டு காண்டலும் உண்டு. ஒக்கவாங்கோ நீர்ப்பரப்பில் மோக்கோரோ என்னும் ஒடுங்கிய ஓடத்திற் செல்வர். செரங்கெட்டிப் புல்வெளியின்மேல் பலூனில் மிதந்தும் காண்பர்.

இத்தகைய உலாவை நாடி நாம் கடல் கடக்க வேண்டுவதில்லை. எம்மூராகிய அருமனையும் பெரியாற்றங்கரைத் தேக்கடியும் முன்னாளில் ஒரே திருவிதாங்கூர் நாட்டின் பகுதிகளாயிருந்தன. 1895-இல் முல்லைப்பெரியாற்றில் அணை எழுந்தபோது காட்டின் ஒரு பகுதி நீருள் ஆழ்ந்து ஏரியாயிற்று; அன்று மூழ்கிய மரங்களின் பட்ட தண்டுகள் இன்றும் நீர்மேல் நிற்கின்றன. அவற்றின்மேல் நீர்க்காகங்கள் சிறகு உலர்த்தும். 1934-இல் திருவிதாங்கூர் அரசு அப்பகுதியை விலங்குகளின் புகலிடமாக்கிற்று. 1978-இல் அது புலிகள் காப்பகமாயிற்று.

ஆப்பிரிக்கப் புல்வெளியில் நெடுந்தொலைவிலுள்ள விலங்கும் கண்ணுக்குப் புலனாகும். நம் மலைக்காட்டிலோ பத்தடிக்கு அப்பால் நிற்கும் யானையையும் புதர் மறைத்துவிடும். ஆதலின் இங்கே ஏரிக்கரையே காட்சிமேடையாகின்றது. கோடையில் நீர் வற்ற, வெளிப்பட்ட கரையிற் புல் தளிர்க்கும். அதனை நாடி யானையும் காட்டெருதும் மிளாவும் வெளிவரும். படகிலிருந்தே அவற்றைக் காணலாம்.

ஆயினும் ஆர்வம் அளவு கடத்தல் தீதே. 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் அவ்வேரியிற் படகொன்று கவிழ்ந்து 45 பேர் உயிர் துறந்தனர். விலங்கு காணும் விழைவினாற் பலர் ஒருபுறமாகத் திரண்டமை அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. படகில் இருந்த இடத்திலேயே இருத்தலும், மிதவைச் சட்டை அணிதலும் வெறும் சடங்கல்ல என்பதை இத்துயரம் உணர்த்தும்.

படகினும் சிறந்தவை காலால் நடக்கும் உலாக்களே. சிறு குழுவினராய், அட்டை கடியாதபடி நீண்ட துணியுறை பூண்டு, வழிகாட்டியின் பின்னே செல்லவேண்டும். மூங்கில் தெப்பத்தில் ஏரியைக் கடந்து நாள் முழுதும் உலாவுவதும், காவலருடன் இரவிற் சுற்றி வருவதும், காட்டினுள் கூடாரத்தில் தங்குவதும் உண்டு. புலியைக் காண்போர் மிகச் சிலர். ஆனால் ஈரமண்ணிற் பதிந்த அதன் அடிச்சுவடும், மரப்பட்டையில் அதன் நகம் கீறிய கோடும், திடீரென எழும் குரங்கின் எச்சரிக்கைக் குரலும், புலி அண்மையில் உளது என்பதைக் கற்றோர்க்கு அறிவிக்கும்.

அங்ஙனம் கற்பிக்கும் ஆசிரியர் யாவர்? இதுவே தேக்கடியின் தனிச்சிறப்பு. மன்னான், பளியர் முதலிய பழங்குடியினர் ஒருசார். மற்றொருசாரார் முன்பு அதே காட்டிற் காட்டு இலவங்கப்பட்டையைக் களவாக உரித்து விற்றவர்கள். வழக்குகளுக்கு அஞ்சி மறைந்து வாழ்ந்த அவர்களுள் இருபதின்மருக்கு மேற்பட்டோரை, 1990-களின் பிற்பகுதியில் வனத்துறையினர் அழைத்து வழிகாட்டிகளாக்கினர். கள்வர் நுழையும் தடமும் தங்கும் குகையும் அவரினும் நன்கறிந்தார் யார்? விருந்தினர் செலுத்தும் கட்டணம் அவர்தம் குடும்பங்களைப் புரக்கின்றது. அவர் உலாவும் வழியெல்லாம் காவலும் உடன் நிகழ்கின்றது. சிற்றூர்ப் பெண்கள் சிலரும் 'வசந்தசேனை' என்னும் பெயராற் கூடி, 2002-ஆம் ஆண்டு தொடங்கிக் காட்டைச் சுற்றிக் காவல் புரிந்து வந்தனர்.

எனவே, கானுலா என்பது வெறும் களியாட்டன்று. விருந்தினன் ஆரவாரம் ஒழித்து, கண்கவர் வண்ண ஆடையும் நறுமணப் பூச்சும் விடுத்து, குப்பையொன்றும் இடாது திரும்பினால், அவன் தந்த பொருள் காட்டைக் காக்கும். இவை தவறுமாயின் அதே பொருள் காட்டை அழிக்கும்.

எம்மூர் வாசலில் நின்று கிழக்கே நோக்கினால் நீலமலை தோன்றும். அங்கே, 1906-இல் நிறைவுற்ற பேச்சிப்பாறை அணையின் நீர்ப்பரப்புக்கு அப்பால், யானையும் மிளாவும் உலவும் காடு உளது. அக்காட்டை இல்லமாகக் கொண்ட காணிக்காரரும் உளர். அம்மலையையும் காண விருந்தினர் விழைந்தால், வழி காட்டும் உரிமையும் அதன் ஊதியமும் எவர்க்கு முதலில் உரியன? தேக்கடி இதற்கு விடை கூறியுள்ளது. காட்டை அறிந்தவனே அதன் ஆசான்; அவன் வயிறு நிறைந்தாலன்றிக் காடு நிலையாது. இதனை நம் மாவட்டத்து மாணாக்கர் உளங்கொள்வாராக.